உதார் விடுற மெஷின்கூட ட்ரூகோ: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அர்ஜென்டினாவுல வீட்டுக்கு வீடு ஆடுற ட்ரூகோ சீட்டாட்டம் பத்தி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன், நான் ரொசாரியோ ஊர்ல இருந்த நாலு வருஷத்துல கத்துக்கிட்டது. அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. வந்ததுல முக்காவாசி "கம்ப்யூட்டர்கூட ஆடுறேன், தோக்குறேன்"னுதான் இருக்கு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் கப்பல்ல வேலை பாக்குறேன். கூட வேலை பார்த்த அர்ஜென்டினாக்காரங்க ட்ரூகோ சொல்லிக்குடுத்தாங்க. இப்ப லீவுல வீட்டுல ஆட ஆளே இல்ல, ஃபோன்ல கம்ப்யூட்டர்கூட ஆடுறேன். அது என் சீட்டைப் பாக்குதுன்னே தோணுது. நேத்து ஒரு கை சொல்றேன். ஃப்ளோர் (மூணு சீட்டும் ஒரே இனமா வர்றது) உண்டுன்னு வச்சு ஆடுற ஆட்டம். முதல் இறக்கு அதுக்கு. என்கிட்ட பொன் 7, பொன் 4, தடி 12. அது என்வீதோ சொல்லுச்சு, நான் சரின்னேன், அது 28னுச்சு, நான் 31ன்னேன், 2 புள்ளி எனக்கு. அப்புறம் அது கோப்பை 2 போட்டுச்சு, பொன் 7 போட்டு நான் பிடிச்சேன். அடுத்து தடி 12ஐ இறக்கினேன். உடனே ட்ரூகோன்னு சொல்லுச்சு, கையில மிச்சம் வெறும் 4, நான் ஓடிட்டேன். என்கிட்ட 4தான் இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: தம்பி, ரொம்ப நல்ல கை இது, நான் ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டு ராத்திரி உக்காந்து எண்ணிப் பார்த்தேன். உங்களுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஆட்டமே தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன்.

ட்ரூகோக்கு ஸ்பெயின் கட்டு, 40 சீட்டு. வாள், தடி, பொன், கோப்பைன்னு 4 இனம், ஒவ்வொண்ணுலயும் 1லேர்ந்து 7 வரைக்கும், அப்புறம் 10, 11, 12. 8ம் 9ம் கிடையாது, துருப்பும் கிடையாது. ஆளுக்கு 3 சீட்டு, 3 பிடியில 2 எடுத்தவங்களுக்குக் கை. எது பெருசுங்கறதுதான் புதுசா வர்றவங்களைக் குழப்பும். வாள் 1தான் எல்லாத்துக்கும் மேல, அடுத்து தடி 1, வாள் 7, பொன் 7, அதுக்கப்புறம் எல்லா 3ம், எல்லா 2ம், மிச்சம் ரெண்டு 1ம், பிறகு 12, 11, 10, மிச்சம் ரெண்டு 7, 6, 5, கடைசியா 4. அதாவது ராஜா படம் போட்ட 12ஐ சாதாரண 2 அடிச்சுடும். சமமா விழுந்தா முதல் பிடி யாருதோ அவங்களுக்குத்தான் கை.

இதுக்குள்ள ரெண்டு பந்தயம். ஒண்ணு என்வீதோ, ஒரே இனத்துல ரெண்டு சீட்டு இருந்தா அதைக் கூட்டி 20 சேர்த்துக்கணும், 10, 11, 12க்கு மதிப்பு சைபர். அதிகபட்சம் 7ம் 6ம், 33. இன்னொண்ணு ட்ரூகோ. அது அந்தக் கையோட விலையையே ஏத்துறது, 1 புள்ளி 2 ஆகும், எதிராளி ரெட்ரூகோன்னா 3, வாலே குவாத்ரோன்னா 4. ஒவ்வொரு தடவையும் எதிராளி "கியேரோ"ன்னு ஏத்துக்கலாம், "நோ கியேரோ"ன்னு ஓடிடலாம். சீட்டே இல்லாம சத்தமா சொல்லி ஓட வைக்கலாம். மொத்தம் 30 புள்ளி.

இப்ப உங்க கைக்கு வருவோம். மெஷின் உங்க சீட்டைப் பாக்கல தம்பி, நீங்கதான் சொன்னீங்க. 31ன்னீங்க இல்லையா, 31 வரணும்னா ஒரே இனத்துல 7ம் 4ம் இருக்கணும், இல்லன்னா 6ம் 5ம் இருக்கணும், வேற வழியே கிடையாது. பொன் 7ஐ மேசைல போட்டுட்டீங்க. அப்பக்கூட அதுக்கு முழுசாத் தெரியாது, 7 தனிச் சீட்டா இருந்து உள்ள 6ம் 5ம் இருக்கலாமே. ஆனா அடுத்து 12ஐ இறக்கினீங்க பாருங்க, அங்கதான் கதவு தொறந்துச்சு. 6-5 ஜோடி இருந்திருந்தா 12 இருக்க இடமே இல்ல. மிச்சம் இருக்குற ஒரே சீட்டு பொன் 4தான்னு அதுக்கு அட்சரசுத்தமா தெரிஞ்சுபோச்சு.

12க்குப் பதிலா 4ஐ முதல்ல போட்டிருக்கணும். 4 போனா அந்தப் பிடி போயிடும், போகட்டும், ஏற்கெனவே ஒரு பிடி உங்ககிட்ட இருக்கு, கடைசிப் பிடியை 12 பாத்துக்கும். எந்த வரிசையில போட்டாலும் இந்தக் கையோட முடிவு மாறாது, ஆனா 31க்கான ரெண்டு சீட்டும் மேசைக்கு வந்துட்டதால உள்ள இருக்குற மூணாவது என்னன்னு மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. அது வாள் 1ஆகக்கூட இருக்கலாம். அப்ப ட்ரூகோன்னு உதார் விட வேண்டிய இடத்துல நீங்க இருந்திருப்பீங்க. ரொசாரியோல எனக்குச் சொல்லிக்குடுத்த பாட்டி (எதிர்வீடு, 70 தாண்டினவங்க) இதைத்தான் முதல்ல சொன்னாங்க, வாய் சொன்ன சீட்டை முதல்ல போடு, வாய் சொல்லாத சீட்டைக் கடைசி வரைக்கும் வை.

அதே மாதிரி அது சொன்ன 28ஐ நீங்க எண்ணினீங்களா? 28ன்னா 7-1, 6-2, 5-3 இந்த மூணு ஜோடிதான். பொன் 7 உங்ககிட்ட. அது கோப்பை 2 போட்டுச்சு. ஒண்ணு, கோப்பை 6-2 ஜோடி, மூணாவது சீட்டு கோப்பை தவிர்த்து (அதுவும் கோப்பைன்னா ஃப்ளோர் ஆயிடும்) உங்க மூணும் போக எதுவா வேணா இருக்கலாம், அது 27 வழி. இல்லன்னா ஜோடி வேற இனத்துல, கோப்பை 2 தனிச் சீட்டு, அது 8 வழி. ஆக மொத்தம் 35. இதுல உங்க 12ஐயும் 4ஐயும் அடிக்கிற கை 18, உங்ககிட்ட தோக்கிற கை 17. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி! ட்ரூகோங்கற சத்தம் கேட்டதும் நீங்க பயந்துட்டீங்க, ஆனா சத்தத்துக்கு முன்னாடி நிலைமை உங்களுக்கு அவ்ளோ மோசமா இல்ல. சத்தம் வந்தப்புறம் ஓடினது சரியா தப்பாங்கறது அடுத்த கேள்வியோட சேர்த்து சொல்றேன், ஏன்னா அது அந்த மெஷின் எவ்ளோ உதார் விடும்ங்கறதைப் பொறுத்தது.

கேள்வி: பொய் சொல்றது மனுஷ குணம். பயம், வெட்கம், ஆசை எல்லாம் இருந்தாதான் ப்ளஃப் அடிக்க முடியும். இது எதுவுமே இல்லாத கம்ப்யூட்டர் எப்படி மேடம் ப்ளஃப் அடிக்கும்? (கோவை, கல்லூரி மாணவி)

பதில்: நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்மா. ஆனா ப்ளஃப்ங்கறது குணம் இல்ல, விகிதம். இதை 1928லயே ஜான் வான் நாய்மன்ங்கற கணிதக்காரர் ஆரம்பிச்சு வச்சார், பின்னாடி 1944ல சின்னதா ஒரு போக்கர் மாதிரியை எடுத்துக்கிட்டு, சரியா ஆடுறவன் அப்பப்ப உதார் விட்டே ஆகணும்னு கணக்காவே காட்டினார். உதாரே விடாதவன் சத்தம் போட்டா எல்லாரும் ஓடிடுவாங்க, நல்ல சீட்டு வந்தும் பிரயோஜனம் இல்ல.

ட்ரூகோல போட்டுப் பார்ப்போம், பேப்பர் எடுத்துக்கோ. நீ ட்ரூகோ சொல்ற, நான் ஓடினா எனக்கு 1 நஷ்டம். ஏத்துக்கிட்டு தோத்தா 2 நஷ்டம், ஜெயிச்சா 2 லாபம். 4 தடவை ஓடினா 4 போச்சு. 4 தடவையும் ஏத்துக்கிட்டு அதுல ஒரே ஒரு தடவை ஜெயிச்சா, 2 வந்துச்சு, 6 போச்சு, அதுவும் 4தான். அதாவது நீ சொல்ற 4 ட்ரூகோல 1 உதாரா இருந்தா நான் ஓடினாலும் ஒண்ணுதான், நின்னாலும் ஒண்ணுதான், என்னால உன்னை ஒண்ணும் பண்ண முடியாது. ஒண்ணுக்கு மேல உதாரா இருந்தா நான் எப்பவும் நிப்பேன். கம்மியா இருந்தா எப்பவும் ஓடுவேன்.

இப்ப அந்தத் தூத்துக்குடித் தம்பியோட கையைப் பாரு. மெஷினுக்கு எல்லாம் தெரியும், தான் ஜெயிக்குமா தோக்குமான்னு நிச்சயமாத் தெரியும். ஜெயிக்கிற கை 18லயும் ட்ரூகோ சொல்லும். தோக்கிற 17ல எத்தனைல சொல்லணும்? 18க்கு 6. மூணுக்கு ஒண்ணு. மிச்சம் 11ல வாயை மூடிட்டு கையை விட்டுடணும். (ரெட்ரூகோவை விட்டுட்டுப் போட்ட கணக்கு இது. அந்த இடத்துல தம்பியோட சீட்டு முழுக்கத் தெரிஞ்சுட்டதால பெருசா தப்பாது.) நல்லா எழுதின ப்ரோக்ராம் இதைத்தான் பண்ணும். அதுக்குப் பயம் கிடையாது, ஆனா பயந்தவன் எத்தனை தடவை ஓடுவான்னு அதுக்குத் தெரியும். அந்தத் தம்பியும் எப்பவும் ஓடினாலும் தப்பு எப்பவும் நின்னாலும் தப்பு, 3 தடவைக்கு 1 தடவை ஓடணும், 2 தடவை நிக்கணும்.

இந்த விகிதத்தை மெஷின் எப்படிக் கத்துக்குது? தனக்குத்தானே ஆடி. ஒவ்வொரு கை முடிஞ்சதும் "இந்த இடத்துல ஓடாம நின்னிருந்தா எவ்ளோ கிடைச்சிருக்கும்"னு கணக்கெழுதி வைக்கும், எந்த முடிவை எடுக்கலையேன்னு அதிகமா வருத்தப்பட வேண்டியிருக்கோ அதை அடுத்த தடவை கொஞ்சம் அதிகமா எடுக்கும். 2007ல கனடாவுல ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டில இதை முறையா வெளியிட்டாங்க, அந்த முறையோட பேர்லயே வருத்தம்ங்கற வார்த்தை இருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதே இடத்துலேர்ந்து 2015ல செஃபியஸ்னு ஒரு ப்ரோக்ராம் வந்துச்சு, ரெண்டு பேர் ஆடுற லிமிட் போக்கரை (பந்தயத் தொகைக்கு வரம்பு வச்சு ஆடுறது) ஏறக்குறைய முழுசாத் தீர்த்துடுச்சு. 2017 ஜனவரில பிட்ஸ்பர்க் ஊர்ல லிப்ராட்டஸ், கார்னகி மெலன் யுனிவர்சிட்டியோடது, லிமிட் இல்லாத போக்கர்ல 4 பெரிய ஆட்டக்காரங்களோட 20 நாள் உக்காந்து 1,20,000 கை ஆடி ஜெயிச்சுது. ட்ரூகோ அதைவிடச் சின்ன ஆட்டம், ரெண்டு பேருக்கு மூணு மூணு சீட்டு பிரிக்க மொத்தம் 7,67,67,600 வழிதான் இருக்கு.

கேள்வி: நீங்க சொல்ற அளவுக்கு என் ஃபோன்ல இருக்குற மெஷின் புத்திசாலியா தெரியல. நான் எவ்ளோ உதார் விட்டாலும் கியேரோ கியேரோன்னு ஏத்துக்குது. உதாரே விடாம ஆடலாமா? (சேலம்)

பதில்: ஆடலாம், ஆடணும். யுனிவர்சிட்டி மெஷின் வேற, ஃபோன்ல இலவசமா வர்றது வேற. நான் ஆடிப் பார்த்ததுல நிறைய கேம் வெறும் விதிகளை வச்சு ஓடுற மாதிரிதான் தெரியுது, கையில வாள் 1 இருந்தா சத்தம் போடு, 30 வந்தா என்வீதோ சொல்லு, நடுநடுவுல குருட்டாம்போக்கா ஒரு உதார், அவ்ளோதான். அதுங்களை ஜெயிக்க ஒரு நோட்டு போதும். ஒரு 50 கை ஆடுங்க, நீங்க ட்ரூகோ சொன்னப்ப அது எத்தனை தடவை ஓடுச்சுன்னு மட்டும் கோடு போட்டு வைங்க. உங்க கை எப்படியும் தோக்கப்போகுதுன்னா சும்மா இருந்தாலும் 1 போகும். உதார் விட்டு அது ஓடினா 1 வரும், நின்னா 2 போகும். சும்மா இருக்குறதோட ஒப்பிட்டா ஓடும்போது 2 மிச்சம், நிக்கும்போது 1 நஷ்டம். அதனால 3ல 1 தடவை அது ஓடினாலே கணக்கு நேர். அதுக்கு மேல ஓடுதா, இடைவிடாம உதார் விடுங்க. அதுக்குக் கீழேன்னா வாயே தொறக்காதீங்க, நல்ல சீட்டு வர்றப்ப மட்டும் சொல்லுங்க, அது பாட்டுக்கு ஏத்துக்கிட்டுக் குடுத்துட்டே இருக்கும்.

அதுவே சத்தம் போட்டா ஓட அவசரப்படாதீங்க. இதுதான் எல்லாரும் பண்ற தப்பு, நானும் முதல் வருஷம் முழுக்க இதுல புள்ளி விட்டேன். ட்ரூகோக்கு நிக்க 4ல 1 தடவை ஜெயிக்கிற கை இருந்தாப் போதும்னு பாத்தோம். ரெட்ரூகோக்கு அது இன்னும் கம்மி, 6ல 1. வாலே குவாத்ரோக்கு 8ல 1. விலை ஏற ஏற ஓடுறதோட நஷ்டமும் ஏறுது, அதைக் கவனிங்க. ஒரு இடம் மட்டும் தனி, எதிராளி 29ல இருந்தா ஓடுறதுங்கறதே கிடையாது, ஓடின அந்த 1 புள்ளியிலேயே அவனுக்கு 30 ஆயிடும்.

கேள்வி: எங்க ஆஃபீஸ்ல பியூனஸ் அயர்ஸ் டீம்கூட வேலை, அடுத்த மாசம் அங்க போறேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு நாலு பேரா ட்ரூகோ ஆடுவாங்களாம். கம்ப்யூட்டர்கூட பழகிட்டுப் போனா சமாளிச்சுடலாமா? (சென்னை)

பதில்: சீட்டு வரிசை, புள்ளிக் கணக்கு, எப்ப என்வீதோ சொல்லலாம் (முதல் பிடியில உங்க சீட்டைப் போடுறதுக்கு முன்னாடி மட்டும்தான்), யாராவது ட்ரூகோ சொல்லிட்டாலும் என்வீதோ முன்னாடி போகும்ங்கறது, இதெல்லாம் மெஷின்கூடப் பழகிடும். ஒரு பத்து நாள் விடாம ஆடுங்க. ஆனா நாலு பேர் ஆட்டம்னா ஜோடி ஜோடியா ஆடணும், அதுல பாதி ஆட்டம் மூஞ்சில நடக்கும்.

நம்மூர்ல 28ங்கற சீட்டாட்டம் ஆடும்போது ஜோடிக்கு ஜாடை காட்டினா சீட்டைத் தூக்கி எறிஞ்சுடுவாங்க. அங்க அது ஆட்டத்தோட அங்கம், செனியான்னு பேரு, எல்லாருக்கும் தெரிஞ்ச ஜாடைங்கதான். ரெண்டு புருவத்தையும் தூக்கினா வாள் 1. ஒரு கண்ணை அடிச்சா தடி 1. வாயை ஒரு பக்கமா கோணினா வாள் 7, மறுபக்கம் கோணினா பொன் 7. கீழ் உதட்டைக் கடிச்சா 3, முத்தம் குடுக்குற மாதிரி உதட்டைக் குவிச்சா 2. இதை எதிராளிங்க பாக்காத அந்த அரை நொடில ஜோடிக்குக் காட்டணும், அவங்க ஜாடையை நீங்க பிடிக்கவும் பாக்கணும். மொத நாள் எனக்கு வந்தது தடி 1, கண்ணடிக்கக் கூச்சப்பட்டு உக்காந்திருந்தேன், என் ஜோடி எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு நினைச்சு ஓடிட்டார். அந்த 1 புள்ளி இன்னிக்கும் மனசுல இருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

அப்புறம் பேச்சு. என்வீதோன்னு வெறுமனே சொல்ல மாட்டாங்க, சொல்லலாமா வேணாமான்னு இழுப்பாங்க, வேற கதை பேசுவாங்க, மூணும் ஒரே இனமா வந்தா ஃப்ளோர், அதுக்கு சில பேர் பாட்டா ரெண்டு வரி எடுத்து விடுவாங்க. (100 கைல 5கூட வராது ஃப்ளோர், அதான் அவ்ளோ கொண்டாட்டம்.) இது எதையும் மெஷின் சொல்லித்தராது. ஸ்பானிஷ் கொஞ்சம்தான் தெரியும்னா பரவாயில்ல, "சோன் புயேனாஸ்" மட்டும் மறக்காதீங்க, எதிராளி சொன்ன எண் உங்களைவிட பெருசா இருந்தா உங்க எண்ணை சொல்லாம அதை மட்டும் சொல்லிட்டு ஒதுங்கிடலாம், அப்ப உங்க சீட்டைப் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தூத்துக்குடித் தம்பி கையைப் பாத்தீங்க இல்ல, ஒரு எண் எவ்ளோ பேசுதுன்னு.

கேள்வி: என் பையன் ராத்திரி எல்லாம் இந்த ஆட்டம் ஆடுறான். காசு வச்சு ஆடுறானோன்னு பயமா இருக்கும்மா. (மதுரை)

பதில்: அவன்கிட்ட நேரா உக்காந்து கேளுங்க, ஃபோனை வாங்கிப் பாருங்க. கம்ப்யூட்டர் எதிராளியோட ஆடுற ட்ரூகோல பந்தயமே புள்ளிதான், காசு கட்டச் சொல்ற இடமே இருக்கக்கூடாது. பணம் போடச் சொல்ற ஆப் எதுவா இருந்தாலும், எந்தச் சீட்டாட்டமா இருந்தாலும், உடனே அழிச்சுடச் சொல்லுங்க. ஆன்லைன்ல காசு கட்டி ஆடுற ஆட்டங்களைத் தடை பண்ணி 2025 ஆகஸ்ட்லயே பார்லிமென்ட்ல சட்டம் போட்டாச்சு. காசு இல்லன்னு தெரிஞ்சா, அவனை எதிர்ல உக்காத்தி உங்களுக்கும் ஆட்டத்தைச் சொல்லித்தரச் சொல்லுங்கம்மா. ரொசாரியோல எனக்குத் தெரிஞ்ச வீடுகள்ல அம்மாக்கள்தான் நல்லா உதார் விடுவாங்க.

கேள்வி: ஸ்பெயின் சீட்டுக்கட்டு இங்க எங்க கிடைக்கும்? (திருச்சி)

பதில்: தேட வேணாம், வீட்டுல இருக்குற கட்டே போதும். 8, 9, 10 எடுத்துடுங்க, ஜோக்கரையும் எடுத்துடுங்க, 40 நிக்கும். ஜாக்கி 10, ராணி 11, ராஜா 12. ஸ்பேட் வாள், கிளாவர் தடி, டைமண்ட் பொன், ஆட்டின் கோப்பை. ஸ்பேட் ஆஸ்தான் ராஜாவுக்கெல்லாம் ராஜா. புள்ளிக்கு அங்க பீன்ஸ் விதையோ தீக்குச்சியோ வைப்பாங்க, பேப்பர்லன்னா 4 கோட்டுல ஒரு சதுரம், அஞ்சாவதுக்கு குறுக்க ஒண்ணு. அப்படி 3 சதுரம் ஆனா 15, அது வரைக்கும் மாலாஸ் (கெட்டது). அடுத்த 15 புயேனாஸ் (நல்லது). 6 சதுரம் முதல்ல யாருக்கு நிரம்புதோ அவங்களுக்கு ஆட்டம்.